கருப்பட்டிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை

செவ்வாய்க் கோள், தென்சரிவு நிலையம்.
பதிவு: குழாய்ப் பொறியாளர் சங்கரபாண்டியன். ஆள் ஒருவர், நாய் ஒன்று.

நாள் 212. 07:10
குழாய்ப் பள்ளம் சோதனை முடிந்தது. அமோனியாக் கசிவு இல்லை. மோப்பம் பிடித்தது கருப்பட்டி, ஏழு வயதுப் பெட்டை. பின்னங்கால்களில் விறைப்பு. இங்கே உடம்பின் எடை குறைவு, கால் அழுந்தி ஊன்றுவதில்லை. மூட்டுக் குருத்தெலும்பு மெலிகிறது. சோற்று உருண்டையில் வைத்து மூட்டு மாத்திரை: கொடுத்தது.

நாள் 219. 07:25
பள்ளத்தில் இறங்க மறுத்தாள். நொண்டல். காலைப் படம் எடுத்து பூமிக்கு அனுப்பினேன். மாத்திரை: கொடுத்தது.

நாள் 219. 13:40
கால்நடை மருத்துவர் பர்வீன் கேட்கிறார்: "மாத்திரை ஒருநாள் விடாம போகுதா சார்?"

போகிறது என்றேன். போகத்தான் செய்தது, என் வயிற்றுக்குள். நாலு மாதமாக உருண்டை அவளுக்கு, மாத்திரை எனக்கு. என் முழங்காலும் போய்விட்டது. எனக்கென்று மருந்து கேட்டால் விஷயம் தெரிந்து, அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவளோ வெறும் உருண்டைக்கு வாலை ஆட்டுகிறாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

நாள் 226. 16:05
பர்வீன்: "நாலு மாசம் முழு மாத்திரை குடுத்தும் கேக்கல. அங்க இந்த மருந்து வேலை செய்யலன்னு முடிவு பண்ணிட்டோம். நொண்டுற நாயை வலியோட வச்சிருக்கக் கூடாது, கருணை ஊசி போட்டுடுங்க. வடக்கு நிலையத்துக்கும் சொல்லியாச்சு. மன்னிச்சிடுங்க சார்."

ஊசியை நான் தொடவில்லை. மாத்திரை கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா? அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் நான் தினமும் விழுங்கினேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் இவள் போவாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நாள் 227. 06:50
வடக்கு நிலையத்தில் லூர்து. அவனுக்கும் ஒரு மோப்ப நாய், மல்லி. அதற்கும் இதே நொண்டல், மாத்திரை தொடங்கி மூன்றே வாரம்.

லூர்து: "அண்ணே, நேத்து சாயங்காலமே மல்லிக்கு ஊசி போட்டுட்டேன். கேக்கும் கேக்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். உங்க குறிப்பு இல்லன்னா அதை இன்னும் வலியில இழுத்தடிச்சிருப்பேன். ரொம்ப நன்றிண்ணே."

07:15
பர்வீனுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், ஒன்று விடாமல். நேற்றே செய்திருந்தால்

08:20
பர்வீன்: "கருப்பட்டிக்கு ஊசி வேண்டாம். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிங்க. கப்பல் 243ஆம் நாள், நீங்க கிளம்புறீங்க. லூர்துகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

11:50
நாலு முறை எழுதினேன், நாலு முறையும் அழித்தேன். வெட்கமாக இருக்கிறது. இதை யார் எடுத்துப் படிக்கிறீர்களோ, அவனிடம் நீங்களாவது சொல்லிவிடுங்கள். நான் அவனுக்கு அனுப்பியது இவ்வளவுதான்: "பரவாயில்ல தம்பி."