நாலாவது வாசல்

ஃப்ரெஜுஸ், பிரான்ஸ்
4.3.2006

அக்காவுக்கு,

இங்கே நலம். உன்னை நலம் விசாரிக்க இன்றைக்குக் கை வரவில்லை.

பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு இருக்கும் என் சிநேகிதன் பலராமன் போன் செய்தான். "என்னடா, லாஸ்பேட்டை வீட்ல ஆள குடிவச்சிட்டியா? வாசல்ல ஈரக் கோலம், ஆம்பள செருப்பு கெடக்குது" என்கிறான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவன் எங்கே வந்து பார்க்கப்போகிறான் என்ற தைரியமா? வெள்ளிக்கிழமை திறந்து பெருக்கத்தான் சாவி கொடுத்தேன். சுமலதா அன்றைக்கே சொன்னாள், பெண்டாட்டி பேச்சை நான்தான் கேட்கவில்லை. சாவியைப் பலராமனிடம் கொடுத்துவிடு.

ராஜாங்கம்

மயிலம் முருகன் துணை
லாஸ்பேட்டை
15.3.2006

ராஜாங்கத்துக்கு அக்கா எழுதுவது.

கோலம் நான் போட்டதுதான். செருப்பு உன் மாமாவின் பழைய ஜோடி. போன ஐப்பசியில் பக்கத்துத் தெருவில் உன்னைப்போல் பட்டாளத்துக்குப் போன ஒரு சொல்தா வீட்டுப் பூட்டை உடைத்தார்கள். கோலமில்லாத வாசலைப் பார்த்துத்தான் திருடன் வருகிறான் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். பிரான்சுக்குப் போன உங்கள் ஐந்து பேர் வீட்டுச் சாவியும் என் இடுப்பில்தான் இருந்தது. அன்றிலிருந்து ஐந்து வாசலிலும் விடியலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவந்தேன். ஆளில்லாத வீட்டுக்கு மகாலட்சுமியைக் கூப்பிட்டு ஏமாற்றுகிறோமே என்று தினம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். இதையும் சுமலதா காதில் போடு.

நான் அதிகம் படிக்காதவள்தான். ஆனாலும் வீடு திறந்த தேதி, குழாய் திறந்துவிட்ட நேரம், கறையான் கண்ட ஜன்னல் எல்லாம் நோட்டில் இருக்கிறது. பலராமன் வந்து, "என்னக்கா, கோச்சிக்கினியா?" என்று இளித்தான். "கையெழுத்த போட்டுட்டு சாவிய எடு" என்றேன். போட்டான்.

செல்வாம்பாள்

ஃப்ரெஜுஸ்
20.6.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மாமாவுக்கு மூட்டுவலி தேவலையா?

பலராமன் சங்கிலி போட்டு இரண்டு பூட்டுப் பூட்டியிருந்தான். அப்படியும் பின்கதவைப் பெயர்த்துவிட்டார்கள். அம்மாவின் குத்துவிளக்கு, என் மெடல்கள் எல்லாம் போய்விட்டன. சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. பழையபடி நீயே பார்த்துக்கொள். கோலமும் போடு.

உன் தம்பி
ராஜாங்கம்

மயிலம் முருகன் துணை
லாஸ்பேட்டை
1.7.2006

ராஜாங்கத்துக்கு,

மாமாவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

மற்ற நான்கு வீடும் பத்திரம். அந்த வரிசையில் கோலமில்லாத வாசல் உன்னுடையது ஒன்றுதான். திருடனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை.

பலராமன் சாவியோடு வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. "உன் கையெழுத்துக்குக் கீழ கோடு போட்டு முடிச்சிட்டேன், போ" என்று ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பினேன்.

அந்தக் குத்துவிளக்கு எனக்கும் அம்மா வீட்டு விளக்குதான். உன் கடிதம் வருவதற்கு முன்னமே அதற்கு அழுது முடித்தாயிற்று.

தினமும் மூன்றாவது வாசலை முடித்து ஐந்தாவது வாசலுக்குப் போகையில் உன் வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். வாளியில் தண்ணீர் மிச்சமிருந்தாலும் நிற்பதில்லை. அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று இனிமேல் நான் பொய் சொல்வதாக இல்லை. அங்கே எனக்கும் யாருமில்லை.

செல்வாம்பாள்