மடக்கிய குடை

ராட்டர்டாம் துறைமுகம்
மார்ச் 9, 2003

அன்புள்ள வெர்னீட்டாவுக்கு,

எல்ஜின் எழுதுவது. இங்கு நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உன் நலத்தைப் பற்றி வேறு வழியில் எனக்கு வண்டி வண்டியாகச் செய்தி வந்துகொண்டிருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

"போன்ல கத்தாத. சொல்றத எழுதி அனுப்பு. எழுதும்போது உனக்கே வெக்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இதோ எழுதுகிறேன். வெட்கம் ஒன்றும் வரவில்லை.

கப்பலில் குளிர் குறைந்திருக்கிறது. நேற்று இருபத்திரண்டு பேருக்கு வைத்த பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. சமையல்காரனாகப் பதினாறு வருஷத்தில் இது முதல் தடவை. காரணம் அர்லீனின் கடிதம். என் தங்கைக்கு வாய் நீளம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கண்ணால் பார்க்காததை எழுதமாட்டாள்.

ஜனவரியிலிருந்து நீ அழகு நிலையத்துப் பக்கமே போகவில்லையாம். முடியை நேராக்கும் மருந்தை ஆறு வாரத்துக்கு ஒரு முறை போடாமல் நீ இருந்ததே கிடையாது. நம் கல்யாணத் தேதியையே அதற்காகத்தானே தள்ளி வைத்தாய். இப்போது முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பிறந்தபடியே இருக்கும் சுருட்டையோடு தேவாலயத்துக்குப் போகிறாயாம். பாடகர் குழுவில் பதினோரு வருஷம் பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றவள், இப்போது முன்னால் வந்து தனியாகப் பாடுகிறாயாம். யார் பார்க்கவென்று?

சனிக்கிழமை இரண்டு மணி ஆனால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் வீட்டுக்குள் போகிறாயாம். ஆறு மணிக்குத்தான் வெளியே வருகிறாயாம். வாசலில் ஏணி கட்டிய சிவப்பு வேன் ஒன்று நிற்கிறதாம். வேனில் ஏணி கட்டுகிறவன் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அர்லீன் கடைசியாக எழுதியதைப் பார்:

"அண்ணே, போன சனிக்கிழமை கொட்டுற மழையில அவ நடந்து வந்தா. கையில குடை இருந்துச்சு, மடக்கியே வெச்சிருந்தா. தலை சொட்டச் சொட்டச் சிரிச்சுக்கிட்டு வந்தா. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

வெர்னீட்டா, நம் கறுப்பு ஜனங்களில் எந்தப் பெண் மழையில் குடை பிடிக்காமல் நடப்பாள்? தண்ணீர் பட்டால் நேராக்கிய முடி திரும்பச் சுருண்டுவிடுமே. தூறல் என்று ரேடியோவில் சொன்னாலே பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறவள் நீ. தேன்நிலவுக்கு எட்டு நாள் கடற்கரையில் இருந்தும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள். தலையைப் பற்றிய பயமே போய்விட்டவளுக்கு வேறு எந்தப் பயம் மிச்சமிருக்கும்? எஞ்சின் அறை பெனுவாவிடம் கேட்டேன். "தலைய மாத்துறவ அப்புறம் வீட்டையும் மாத்துவா" என்றான். மூன்று தடவை விவாகரத்து ஆனவன், அனுபவசாலி.

இன்னொன்று. இதை இத்தனை வருஷமும் நான் கேட்டதில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் தலையில் துணி கட்டுவாய். என் கை உன் கழுத்துக்கு மேலே போனால் விலகிப் படுப்பாய். சீப்பில் சிக்கிய முடியைக்கூட உருட்டி எரித்துவிடுவாய். அது அடுத்தவர் கையில் கிடைத்தால் நம்மை ஆட்டி வைத்துவிடுவார்கள் என்று உன் அம்மா சொல்லி வளர்த்தது. அந்த அடுத்தவர்களில் நானும் ஒருவன் என்று அப்போதே எனக்குப் பட்டது. பதினோரு வருஷத்தில் உன் தலையை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இப்போது அந்த மஞ்சள் வீட்டில் உன் தலையில் இருப்பது யார் கை?

அதை மட்டும் சொல். சுற்றி வளைக்காமல் எழுது. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், முடிந்தால் என்னையும்.

உன் கணவன்,
எல்ஜின்


காசாபிளாங்கா
ஏப்ரல் 21, 2003

என் வெர்னீட்டாவுக்கு,

உன் கடிதம் கப்பல் ஏஜென்ட் மூலம் கிடைத்தது. உறை மெலிதாக இருந்தது. விவாகரத்துக் காகிதம் என்றால் தடியாக இருக்கும் என்று பெனுவா ஆறுதல் சொன்னான். சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நான்கு முறை படித்தேன்.

சிவப்பு வேன் டெல்மாவுடையதா? கூரை வேலை செய்கிற பெண் ஒருத்தி உனக்குச் சிநேகிதி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து பெண்கள் கூடி, ஒருத்தி தலையை ஒருத்தி கழுவி, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து முறுக்கி விடுகிறீர்கள். நடுவில் பொரித்த மீன் வேறு. சந்தேகமிருந்தால் டெல்மாவின் ஏணியில் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது வேண்டியதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அடுத்த பக்கத்துக்கு நான் தயாராக இல்லை. அந்த மருந்து உன் உச்சந்தலையைத் தின்றதும், வெள்ளி டாலர் நாணயம் அளவுக்கு அங்கே முடி முளைக்காமல் போனதும் நம் கல்யாணத்துக்கு முன்பே நடந்ததா? மேல்முடியை நீட்டி இழுத்து அதன் மேல் படியவைத்து ஒட்டிக்கொண்டா என்னோடு பதினோரு வருஷம் இருந்தாய்?

"நீ பாத்தா என்ன விட்டுப் போயிடுவியோன்னு பயந்தேன். நீயும் ஒரு தடவகூடக் கேக்கல. கேக்காத ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?" என்று எழுதியிருக்கிறாய். தூணும் கடலும் அணைத்த விளக்கும் இதற்குத்தானா? ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் சுவரைப் பார்த்திருக்கிறேன். நீ அந்தப் பக்கம் என்னை நினைத்துப் பயந்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே கேட்டவர்களிடம் வெங்காயம் என்றேன். அன்றைக்குச் சமைத்ததோ ஓட்ஸ் கஞ்சி.

அந்த இடம் தெரிந்தால் தெரியட்டும், இனி மறைப்பதாக இல்லை என்கிறாய். அர்லீனைப் போனில் கூப்பிட்டு, அதைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். "அத மட்டும் எழுதக் கை வரலண்ணே" என்றாள். அவள் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

மெல்லிய தாளில் மடித்து வைத்திருந்த சுருளை முதலில் நூல் என்று நினைத்துக் குப்பையில் தட்டப் போனேன். பிறகுதான் தாளில் நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "எரிக்காம ஒண்ணு எடுத்து வெச்சேன். உன்கிட்ட இருக்கட்டும்." அப்படியெல்லாம் கேள்வி கேட்டவனுக்கு இதை அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது? போதைக்காக ஆட்கள் குடித்துவிடுவார்கள் என்று வெனிலா எசென்ஸைப் பூட்டி வைக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். சாவி என் கழுத்தில் இருக்கிறது. அந்த முடியை இழுத்து விட்டால் திரும்பவும் சுருண்டுகொள்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் திறந்து பார்க்கிறேன். பொய் சொல்வானேன், மூன்று தடவை.

மே பதினேழாம் தேதி கப்பல் நம் ஊர் மொபீல் துறைமுகத்துக்கு வருகிறது. வா என்று சொல்ல எனக்கு முகமில்லை. வந்தாயானால் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் நிற்பேன், நானாக நீட்டமாட்டேன். நீயே எடுத்து உன் தலையில் வைத்தால் உண்டு. கர்த்தர் உன் தலைக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

அன்றைக்கு மழை பெய்தால் குடை கொண்டுவராதே.

உன்
எல்ஜின்