நிறுத்தச் சொன்ன இடங்கள்

பழனிசெட்டிபட்டி,
8.9.2024

அன்புள்ள மதினி அவர்களுக்கு,

அனுசுயா எழுதுவது. போனில் பேசினால் நான் அழ ஆரம்பித்ததும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதி உங்கள் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். வெட்கம், தள்ளிப்போட்டுவிட்டேன்.

மாசி சிவராத்திரியன்று குலசாமி கோயிலில் சினேகாவுக்குக் காது குத்தும்போது என் சேலையில் என்ன ஆனது என்று சொந்தம் முழுக்கத் தெரியும். பிள்ளையை என் இடுப்பிலிருந்து வாங்கியது நீங்கள்தான். "ரெண்டு மாசம் நான் வச்சிருக்கேன், நீ ஒடம்பத் தேத்து" என்றீர்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது ஆறு மாதம். உங்கள் தம்பி ஞாயிறுதோறும் மகளைப் பார்த்துவிட்டு வந்து, "அக்காகிட்ட நல்லா இருக்கா" என்கிறார். எனக்குக் கிடைக்கும் செய்தி அவ்வளவுதான்.

மலக்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்தார்கள். மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தார்கள், தை மாதம் பையை எடுத்துக் குடலைச் சேர்த்துத் தைத்தார்கள். தேக்கி வைக்கிற இடமே இப்போது இல்லை. வந்தால் உடனே வரும், விட்டு விட்டு ஐந்து தடவை வரும். நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. யாருக்கும் ஒட்டுவதுமில்லை.

விஜயதசமிக்கு இங்கே பள்ளியில் சேர்க்கிறோம். அதற்கு முன் என் பிள்ளையை அனுப்பி வையுங்கள்.

தங்கள் அன்புள்ள,
அனுசுயா


காமயகவுண்டன்பட்டி,
15.9.2024

அனுசுயாவுக்கு முத்துலட்சுமி எழுதிக்கொண்டது.

இங்கன எல்லாரும் சுகம். அங்கன எப்படின்னு நான் கேக்க வேண்டியதில்ல, நீயே வெலாவாரியா எழுதிட்ட.

காலேஜ் படிச்சவ, கொடலு எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் பாடம் நடத்துற. எனக்குத் தெரிஞ்சது வேற. சாமிக்கு முன்னால பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நின்ன. அவ பட்டுப்பாவாடை பூராம் ஆயிருச்சு. அலசுனவ நானு. தாய்மாமன் மடியில உக்கார வைக்க மாத்துத்துணி தேடி அலைஞ்சவளும் நானு. என் மாமியா வீட்டாளுக இன்னைக்கும், "ஒன் தம்பி பொண்டாட்டி தேறிட்டாளா"ன்னு கேக்குறாக. கேக்குறப்பவே சிரிப்ப அடக்குறாக.

மூணு வயசுப் பிள்ளை ஓடுனா பின்னாலயே ஓட ஆளு வேணும். நீ கக்கூசுல உக்காந்திருக்கப்ப அவ ரோட்டுக்குப் போயிட்டா? நீ வந்து சேர்ற வரைக்கும் லாரிக்காரன் நிப்பானா?

சரி, ஒன்னு சொல்றேன். தனியா பஸ் ஏறி இங்கன வா. ஒரு பகல் இரு. எங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டு, சேலை நனையாம எந்திரி. பிள்ளைய நானே தூக்கிக் குடுக்குறேன். முடியலைன்னா இந்த ஊருப் பள்ளிக்கூடத்துலயே சேத்துருவேன். தம்பியும் சரின்னுட்டான்.

திராட்சை ஒரு பெட்டி அனுப்பியிருக்கேன்.

முத்துலட்சுமி


பழனிசெட்டிபட்டி,
22.9.2024

மதினிக்கு,

திராட்சையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். பத்துப் பழம் தின்றால் எனக்குப் பத்துத் தடவை. மூன்று முறை சொல்லியனுப்பியும் வாராவாரம் பெட்டி வருகிறது. மறந்துதான் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

அலசியதைச் சொல்லிக் காட்டினீர்கள். ரத்தம் போகிறது என்று நான் முதலில் சொன்னதும் உங்களிடம்தான். "மூலச் சூடு, இதுக்குப் போயி மதுரைக்கு ஓடுவாகளா" என்று துத்தி இலையை அரைத்துக் கொடுத்தீர்கள். கம்பத்தில் மூலத்துக்கு மருந்து கட்டுகிறவரிடம் கூட்டிப் போனீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு மூலம் வரும் என்று எம்.எஸ்சி. படித்த நானும் நம்பினேன். அப்படிப் போனது எட்டு மாதம். அப்போதே பார்த்திருந்தால் கட்டி சின்னதாக இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

உங்கள் பந்தயத்துக்கு வருகிறேன். மதுரை ஆஸ்பத்திரியில் ராஜமணி சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, காலையில் வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய் வழியாகக் கீழிருந்து உள்ளே விட்டுக் குடலைக் கழுவுகிறேன். முக்கால் மணி நேரம் ஆகும். கழுவிய நாளில் சாயங்காலம் வரை பெரும்பாலும் பயமில்லை. வெளியே போவதென்றால் முன்கூட்டியே ஒரு மாத்திரை. வெள்ளைச் சோறு, முட்டை, வாழைப்பழம். கீரையும் பாலும் காரமும் கிடையாது. தின்றது, போனது, நேரம், எல்லாம் நோட்டில் எழுதுகிறேன். மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதினேழு. இப்போது நான்கு.

போன வாரம் வீரபாண்டி வரை பஸ்ஸில் போய் வந்தேன். முந்தாநாள் சின்னமனூர். எந்தப் பெட்ரோல் பங்கில் கேட்டவுடன் கக்கூஸ் சாவி தருவார்கள், எங்கே முறைப்பார்கள் என்று அந்த ரோட்டில் என்னைவிட யாருக்கும் தெரியாது.

அக்டோபர் பத்தாம் தேதி வருகிறேன். பிள்ளையின் துணிமணியை எடுத்து வையுங்கள்.

அனுசுயா


காமயகவுண்டன்பட்டி,
6.10.2024

அனுசுயாவுக்கு,

மருந்து கட்டுறவருகிட்டக் கூட்டிட்டுப் போனது நான்தான். எங்கம்மாவுக்கு அவருதான் கொணமாக்குனாரு. ஒன்னையக் கெடுக்கணும்னு கூட்டிப் போகல. இனிமே அந்தப் பேச்ச எடுக்காத.

நான் எழுதுறது வேற சங்கதி. பிள்ளை அஞ்சு நாளா வெளிக்குப் போகல. வெளக்கெண்ணெய் குடுத்தேன். வெத்தலைக் காம்புல எண்ணெய் தொட்டு வச்சுப் பாத்தேன். வருது, ஆனா விடமாட்டேங்குறா. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு, காலப் பின்னிக்கிட்டு, மொகம் செவக்கச் செவக்க அடக்குறா. கக்கூஸ் பக்கம் தூக்கிட்டுப் போனாலே கத்துறா.

நான் அடிக்கல, சாமி சத்தியமா. போன மாசம் ஜட்டியிலயே போயிக்கிட்டு இருந்தா. பிள்ளைகளுக்குச் சொல்றாப்புலதான் சொன்னேன், இப்படியே போனா ஒங்கம்மா மாதிரி வயித்துல பை கட்டி ஆஸ்பத்திரியில போட்டுருவாகன்னு. ஒடனே நிப்பாட்டிட்டா. சொன்னபடி கேக்குறாளேன்னு நெனச்சேன்.

நாளைக்குப் பிள்ளை டாக்டருகிட்டக் காட்டுறேன். நீ ஓடியார வேணாம், பத்தாம் தேதி வந்தாப் போதும். அந்த நோட்டுல இதுக்கு என்னமும் எழுதி வச்சிருந்தா தம்பிகிட்டச் சொல்லிவிடு.

முத்துலட்சுமி


பழனிசெட்டிபட்டி,
9.10.2024

மதினிக்கு,

திங்கட்கிழமை உங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றீர்கள். பாதிதான் கேட்டிருக்கும். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அன்று காலையில்தான் உங்கள் தம்பி என்னிடம் கொடுத்தார். ராத்திரி கொடுத்தால் நான் தூங்கமாட்டேனாம். கழுவுவதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். மாத்திரை பிடிக்கவும் நேரம் வேண்டும். கம்பம் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். சின்னமனூர் வரை தாங்கியது. உத்தமபாளையத்தில் இறங்கியிருக்கலாம், இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அனுமந்தன்பட்டியில் முடியாமல் போனது. கம்பத்தில் ஆட்டோக்காரர் சீட்டில் சாக்கை விரித்த பிறகுதான் ஏற்றினார்.

நீங்கள் பிள்ளையோடு டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். நான் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, "தோத்துட்டேல்ல" என்றீர்கள். உங்கள் பந்தயத்தில் தோற்றது உண்மைதான்.

சினேகாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டேன். கதவு மூலையில் ஒட்டி நின்றாள். சேலையை அவிழ்த்து வாளியில் போட்டு அலசினேன். என்னைக் கழுவிக்கொண்டேன். களிம்பு தடவினேன். தினமும் செய்கிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. அழவில்லை. அழுதால் அவள் மறுபடி பயந்துபோவாள்.

"பை எங்கம்மா?" என்றாள்.

வயிற்றைக் காட்டினேன். பை இருந்த இடத்தில் ஒரு தழும்புதான் இருக்கிறது. விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"ஆய் போனா வைப்பாகளா?"

"இல்லத்தா. அம்மாவுக்கு உள்ள புண்ணு இருந்துச்சு, அதுக்கு வச்சாக. இப்பக்கூட அம்மா சேலையிலயே போயிட்டேன். யாரு என்னைய என்ன செஞ்சா?"

வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குந்தினாள். நீங்கள் கேட்ட கத்தல் அதுதான். கல்லு மாதிரி இருந்தது, கொஞ்சம் ரத்தமும். "பிள்ளைய என்னடி செய்யிற" என்று கதவைத் தட்டினீர்கள். நான் ஒன்றும் செய்யவில்லை மதினி. பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இங்கே டாக்டரிடம் காட்டினேன். சில மாதம் மருந்து கொடுக்க வேண்டுமாம். மருந்தைவிட முக்கியம், யாரும் பயமுறுத்தக் கூடாதாம்.

என் ரத்தத்தை மூலச் சூடு என்றீர்கள். தெரியாமல் சொன்னது என்று அதை விட்டுவிடலாம். என் பிள்ளைக்கு என்னையே பூச்சாண்டியாகக் காட்டினீர்கள். அதை விட முடியவில்லை. விஜயதசமிக்குப் பள்ளிக்கு நீங்கள் வர வேண்டாம். உங்கள் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். திராட்சையும் வேண்டாம். கதவிடுக்கில் நீங்கள் நீட்டிய சேலையைத் துவைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பும்போது நீங்கள் தடுக்கவில்லை, உங்கள் தோட்டத்து ஜீப்பை வரச் சொன்னீர்கள். "ஜெபராசு, இவ நிப்பாட்டச் சொல்ற எடத்துலயெல்லாம் நிப்பாட்டு" என்று டிரைவரிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னீர்கள். எதிர்வீட்டில் சிரித்தார்கள். என்னைக் குத்துவதற்குச் சொன்னீர்களா, இல்லை நிஜமாகவே அக்கறையா என்று வீடு வந்து சேரும் வரை யோசித்தேன். பிடிபடவில்லை.

ஜெபராஜ் இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஒன்று எனக்கு. சின்னமனூர் தாண்டி இன்னொன்று, "அம்மா, எனக்கு வருது" என்று சினேகாவே சொன்னபோது.

இப்படிக்கு,
சினேகாவின் அம்மா