வேலியைப் பிடுங்கி நட்ட காடு

வடகரப்பதி,
நவம்பர் 1979

பாப்பாவோட அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்னு எழுத இன்னைக்கு மனசு வரலீங்க.

ஏனுங்க, எங்கப்பன் குடுத்த சரளைக்காட்டைத் தரிசுன்னு ஆரு சொன்னது? கள்ளிப்பால்ல பெட்ரோல் எடுக்கறோம்னு ஜீப்புல வந்த அந்த ஆபீசரா? அந்தத் தரிசுல மேஞ்ச எருமையோட பாலைக் குடிச்சுத்தான் நம்ம பாப்பா வளந்தா. அவர் பேச்சைக் கேட்டு, இருந்த கள்ளி வேலியை மொத்தமா வெட்டி, காடு பூரா அதையே குச்சி குச்சியா நட்டுப்போட்டு, நீங்க கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலைக்குப் போயிட்டீங்க. கள்ளி நல்லாத்தான் தழைச்சுது. எருமை மோந்துகூடப் பாக்கலை. ஜீப்பும் மறுக்கா வரலை.

வேலி போன வழியில பக்கத்துக்காட்டுக் குப்பண்ணனோட மாடு பூந்து, ஊட்டுப் பக்கத்துல நான் வெதைச்சிருந்த கொள்ளுச்செடியை மொட்டையடிச்சுப்போடுச்சு. சண்டைக்குப் போனேன். "வேலி எங்கீங்க அம்மிணி?"ன்னு கேட்டார்.

அவர்தான் உங்களைக் கஞ்சிக்கோட்டுல பாத்ததாச் சொன்னார். பக்கத்துல ஆரு நின்னாங்கன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. ஆடியும் போச்சு, தீபாவளியும் போச்சு. அங்கிருந்து நம்ம வேலந்தாவளத்துக்குப் பஸ் என்னமோ ஓடிட்டுத்தான் இருக்குது.

நேத்து நானே அந்தக் கள்ளியை வெட்டிக் கொண்டாந்து, காட்டையும் ஊட்டையும் சேத்து வளைச்சு மறுபடி வேலி நட்டேன். பால் தெறிச்சுக் கண்ணு செவந்து கெடக்குது. வேற ஒன்னுமில்லீங்க.

நீங்க வர்ற தடத்துல மட்டும் இன்னும் நடலை. அங்க தொறந்து மூடற படல் கட்டறதா, கள்ளியே நட்டுப்போடறதான்னு எழுதுங்க. மண்ணு காயறதுக்குள்ள எழுதுங்க.

இப்படிக்கு,
வேலிக்கு உள்ள இருக்கறவ