நான் சேர்த்த ஆமென்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அந்த ஜெர்மனியில் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே அம்மாவும் உன் தங்கை அறிவுமதியும் நலம். நானும் நலம் என்று சொன்னதும் அறிவு பேனாவை நிறுத்திவிட்டு என் வலது கையைப் பார்த்தாள். ஆமாம், இந்தக் கையெழுத்து அவளுடையதுதான். என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. போன திங்கட்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள், அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போய்த் திரும்பும்போது, கிரிவலப் பாதையில் சிதறிக் கிடந்த அன்னதானத் தட்டுகளில் வண்டி வழுக்கிவிட்டது. மெல்லிய விரிசல்தான், ஐந்து வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார், பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல அறிவு எழுதுகிறாள். போனில் பேசியே அனுப்பியிருக்கலாம். நீ என் குரலைக் கேட்க மாட்டாய் என்பது ஒரு காரணம். இதை அவள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி. மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, துணி காயப் போட நான் ஏறாமல் நீங்களா ஏறுவீங்க என்கிறாள். அறிவு பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து நூலகமே கதி, சாப்பிடும்போதும் புத்தகம், சாம்பார் பட்டு ஒரு புத்தகத்துக்கு அபராதம் கட்டினோம். இதை எழுத வேண்டாம் என்றாள், உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று அவள்தானே சொன்னாள் என்று நான் மடக்கிய பிறகு எழுதுகிறாள். பக்கத்து வீட்டு ஆட்டோக்கார இருசப்பன், பெரிய பாப்பா எப்ப வருதுங்க என்று தினமும் கேட்கிறார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

இனி சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் அம்மா. ஜூலையில் ஒரு மாலை நீ கூப்பிட்டாய். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அறிவு பக்கத்தில் இருந்தாள், போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ பேச ஆரம்பிக்கும்போதே, இது சபைக்கு இல்லப்பா, நம்ம வீட்டுக்கு மட்டும் என்றாய். எட்டு மாதமாக எந்த ஆலயத்துக்கும் போகவில்லை என்றாய். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாரும் இல்லாத ஒரு பெரியவர் சாகும் தறுவாயில் உன்னை ஜெபிக்கச் சொன்னார், வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தைகூட வரலப்பா, பயமா இருந்துச்சு என்றாய். இரண்டு மணிக்கு உன் டியூட்டி முடிந்துவிட்டது. அவர் உன் கையை விடவில்லை, நீயும் எடுக்கவில்லை, ஐந்து மணிக்கு அப்படியே போய்விட்டார் என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எல்லாம் சரியாகும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நீ பேசிக்கொண்டிருந்தபோதே என் மனத்தின் ஒரு மூலை விழித்துக்கொண்டது. மூன்று வாரமாக ஜெபத்தைப் பற்றிய ஒரு பிரசங்கம் முடிவு கிடைக்காமல் என்னிடம் கிடந்தது.

சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். உன் பெயரைப் போடவில்லை, தூரதேசத்தில் வேலை செய்யும் ஒரு விசுவாசியின் மகள் என்றுதான் எழுதினேன். நம் சபையில் வெளிநாட்டில் வேலை செய்யும் பெண் நீ ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியாதா. நீ சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்தேன், கை பிடித்த இடத்துக்கு வந்ததும் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆகவே நீ முழங்கால் போட்டாய், கண்ணீர் வந்தது, ஜெபம் மடை திறந்ததுபோல வந்தது, அந்தப் பெரியவர் கண் திறந்து ஆமென் என்று சொல்லிக் கண்ணை மூடினார் என்று முடித்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பொய்க்கு அழுகிறோம் என்று அப்போது தோன்றவில்லை, நல்ல முடிவு வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிக்கொண்டு போய், ஆமெனுக்கு முன்னால் நிறுத்தி, தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். எங்கே டம்ளரை எடுக்க வேண்டும் என்பதுகூட இருபத்தாறு வருடத்தில் எனக்குப் பழகியிருக்கிறது. சபை முழுக்க அழுதது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். யாராவது இன்று பிரசங்கம் எப்படி என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அறிவு ரசத்தை ஊற்றிக்கொண்டே, அப்பா, அந்தத் தாத்தா ஆமென் சொன்னதா அக்கா சொல்லவே இல்லையே என்றாள். பிரசங்கம்னா ஒரு முடிவு வேணும்மா என்றேன். முடிவு இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டு இறங்கி வந்துடக்கூடாதா என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அப்பனுக்கே பாடம் எடுக்கிறியா என்று கத்தினேன். அதுவரை பேசாமல் இருந்த அம்மா, கொழம்புல உப்பு ஜாஸ்தியானா வாயில வெக்க முடியல, உங்க பிரசங்கத்துல பொய் ஜாஸ்தியானா எல்லாம் சப்புக்கொட்டிக்கினு சாப்பிடறாங்க, அது என்ன சமையலோ என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். பதினான்கு வயதில் நீ அவளிடம், நான் வீட்டுல அழுதாக்கூட அது ஞாயித்துக்கெழம வந்துடும்மா, அதனாலதான் அழறதில்ல என்று சொன்னாயாம். நீ கணக்கில் தோற்றதை, தோழியின் வளையலை எடுத்து வந்து திருப்பிக் கொடுத்ததை, காய்ச்சலில் பிதற்றியதை, எல்லாவற்றையும் நான் பிரசங்க மேடையில் வைத்திருக்கிறேன். ஆராதனை முடிந்து எல்லோரும் உன் கன்னத்தைக் கிள்ளுவார்கள், நீ சிரித்துக்கொண்டு நிற்பாய். சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேனே.

சபைக் காரியங்களை யூடியூபில் போடும் அருண்பிரசாத் அன்றைக்கே அந்தப் பிரசங்கத்தையும் போட்டுவிட்டான். புதன்கிழமை உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அந்தத் தாத்தா ஆமென் சொல்லலப்பா, என் கையைப் பிடிச்சுக்கிட்டே செத்துட்டார். அவ்வளவுதான். யாரோ உனக்கு அனுப்பியிருக்கிறார்கள், நல்ல சாட்சி என்று பாராட்டியும் இருப்பார்கள். அதன் பிறகு இந்த மூன்று வாரமாக நீ எங்கள் யாரிடமும் பேசவில்லை. நான் உடனே அருண்பிரசாத்தைக் கூப்பிட்டு எடுத்துவிடு என்றேன். நல்லா போயிக்கினு இருக்குதுங்க ஐயா, நாலாயிரம் பேர் பாத்துட்டாங்க, இப்பப் போயி எடுக்க சொல்றீங்களே என்று அலுத்துக்கொண்டான். எடுத்துவிட்டான். ஆனால் நான் சபையில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறி, பொய் பேசாதிருத்தல் என்று பொதுவாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினேன். உண்மையைச் சொன்னால் உன் கதையை மறுபடி திறக்க வேண்டும், அது உனக்கு இன்னும் கஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன்னைக் காட்டி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் அம்மா.

போன வாரம் வியாழக்கிழமை வெள்ளையம்மாள் வந்தார்கள். உனக்கு நினைவிருக்கும், மார்க்கெட்டில் கீரை விற்பவர்கள், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. அவர்கள் வீட்டுக்காரர் போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்கள். பாஸ்டரய்யா, அந்தப் பெரியவரு ஆமென் சொல்லிட்டுப் போனாராமே. எங்க ஊட்டுக்காரரு ஒண்ணுமே சொல்லல. மூணு நாளு கண்ணே தொறக்கல. நானு ஜெபம் பண்ணிக்கினேதான் இருந்தேன், எனக்கு சரியா பண்ணத் தெரியலீங்களா என்றார்கள். இத்தனை நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டு, வெயிலில் கூடை சுமந்துகொண்டு, தன்னுடைய ஜெபத்தில் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் உட்காரச் சொன்னேன். அந்த ஆமென் நான் சேர்த்தது அம்மா, நடக்கவில்லை என்றேன். அப்ப என்னதான் நடந்திச்சு என்றார்கள். உன்னைக் கேட்காமல் இரண்டாம் முறையும் உன் கதையைச் சொன்னேன். அதையும் மன்னித்துக்கொள். இந்த முறை ஒன்றும் சேர்க்கவில்லை. ஜெபம் வரவில்லை, மூன்று மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவர் போய்விட்டார், அவ்வளவுதான் என்றேன்.

வெள்ளையம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தார்கள். கையத்தான் புடிச்சிக்கினு இருந்திச்சா பாப்பா, நானும் அதத்தான்யா பண்ணேன் என்றார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத மொதல்லியே சொல்லியிருந்தா ராத்திரில தூங்கியாவது இருப்பேன் இல்ல என்று என்னைத் திட்டினார்கள். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது அவர்கள் ஒன்று கேட்டார்கள். அதைக் கடிதத்தின் கடைசியில் வைக்கலாம் என்று இப்போது நினைத்தேன், அறிவு எழுதுவதை நிறுத்தி, அப்பா, மறுபடியும் ஜோடிக்கிறீங்க, நடந்த எடத்துலயே சொல்லுங்க என்றாள். சொல்லிவிடுகிறேன். மூணு மணி நேரம்னா அந்தப் புள்ளைக்குக் கை மரத்துப் போயிருக்குமே, வலிச்சிருக்குமே, யாராச்சும் புடிச்சி உட்டாங்களா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். நான் கேட்கவில்லை என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறி, மூன்று வாரத்துக்கு முன் நான் சொன்ன கதையின் முடிவு நடந்ததல்ல, நானாகக் கட்டியது, அந்தக் கதையைச் சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை, சபையார் மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தொண்டை காய்ந்தது, டம்ளரைத் தொடவில்லை. ஆராதனை முடிந்து ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, என்னா தாழ்மை பாஸ்டரய்யா, அப்டியே உருகிட்டேன் என்றார். அந்தப் பாராட்டும் எனக்கு இனித்தது என்பதையும் எழுது என்று அறிவிடம் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அடி அண்ணாமலையில் விழுந்தேனே, கிரிவலம் வந்தவர்கள்தான் தூக்கி உட்காரவைத்தார்கள். நான் யார் என்று தெரியாமல் ஒரு தாய், ஒண்ணும் ஆவாது சாமி என்று என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார்கள். சேதி கேட்டு வந்த இருசப்பன் ஆட்டோவில் பட்டை விபூதியோடு வந்து இறங்கிய போதகரைப் பார்த்து உன் அம்மா சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது. கை உடைந்து கிடக்கும்போதே, இதை எந்தப் பிரசங்கத்தில் வைக்கலாம் என்று என் மனம் ஓடியது. வைக்க மாட்டேன். இது நம்ம வீட்டுக்கு மட்டும்.

எனக்காக ஆலயத்துக்குப் போகாதே. ஜெபம் வருகிறதா என்று இனி நான் கேட்க மாட்டேன். நீ அன்றைக்குச் செய்தது ஜெபமா இல்லையா என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது, நல்ல வரியாக வந்துவிடும், அதனால் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நீ எழுத வேண்டும் என்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் ஒருமுறை பேசு, அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, போன் அடித்தால் முழங்காலை மறந்து ஓடுகிறாள். கறிவேப்பிலைப் பொடியும் மிளகாய்த்தூளும் போன வாரம் பார்சலில் போட்டோம், வந்ததும் பிரித்து வேறு டப்பாவில் போட்டுவை, இல்லாவிட்டால் கட்டியாகிவிடும். உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக, உன் கைகளை அவர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா,
சா. ஞானசிகாமணி

இதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன், நீங்களே எழுதுங்கள் என்று அறிவு பேனாவை என் இடது கையில் கொடுத்துவிட்டாள். கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கை ரொம்ப வலிச்சுதா கண்ணு?