மாமனார் மேல் ஓடும் ரயில்

1966 ஜனவரி 9, ஞாயிறு

மழையில்லை. இதமான வெயில். காலையிலிருந்து மாடி அறையில். பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் முழு வட்டமும் ஆணியடித்து முடிந்தது. பழைய கதவுப் பலகை மேல் ஒரு ஸ்டேஷன், ஒரு குகை, ஒரு வளைவு. ஊருக்குக் கிளம்பிய பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எஞ்சின், இரண்டு பெட்டி. பாக்கி: கட்டைகளுக்கு நடுவே ஜல்லி. அது இல்லாமல் மீசை எடுத்த போலீஸ்காரர் மாதிரி இருக்கிறது.

அத்தை மேலே வந்து பார்த்தார். என் மனைவி கமலாவின் அம்மா, வீடும் அவருடையதுதான். வியட்நாம்காரர். தமிழ் புருஷனிடம் கற்றது. காலமான மாமனார் காரைக்கால்காரர், இங்கே வியட்நாம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வீட்டிலும் அதே தொனியில்தான் பேசியிருப்பார் போல. அத்தையின் தமிழில் மரியாதை விகுதி அறவே கிடையாது.

"தெத்துக்கு ரெண்டு நாள் முன்ன வரைக்கும் பாப்பேன். ஒரு சுத்து விழாம ஓடணும். ஓடலன்னா பலக கீழ வரும். அதுமேலதான் பலகாரம் கட்டுவேன்."

தெத் என்றால் இவர்கள் புத்தாண்டு. பலகாரம் என்றால் வாழையிலையில் சுற்றிய அரிசி, தெரு முழுவதற்கும். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

ஜனவரி 11, செவ்வாய்

ஆபீசில் தலைவலி என்று சொல்லி சீக்கிரம் வந்தாச்சு. தெருவில் அள்ளிய மணல் சரிவரவில்லை. ஒவ்வொரு மணல் மணியும் இந்த ரயிலுக்குப் பாறாங்கல். பிறகு யோசனை: நொய்யரிசி! இந்த ஊரில் அதற்கா பஞ்சம். தோசைக்கல்லில் வறுத்து, மசி ஊற்றிக் கறுப்பாக்கி, கட்டைகளுக்கு நடுவே டீஸ்பூனால் தூவினேன். அசல் ஜல்லி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஏங்க, தோசைல ஏன் மசி நாத்தம் அடிக்குது?"

பசியில்லை என்றேன். தோசையைத் தொடவில்லை.

ஜனவரி 12, புதன்

எறும்பு.

ஜல்லி வரிசையாகச் சுவரேறிப் போய்க்கொண்டிருந்தது. பாதி ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே. ஞானம் வந்திருந்தான் (ஆபீஸ் சிநேகிதன், அவனும் காரைக்கால்தான்). ஒரு கை கொடுக்கக்கூடாதா? நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை.

"டேய், ஒன் ரயில விட எறும்பு ஒழுங்கா போவுதுடா."

போகும்போது என் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு போனான்.

ஜனவரி 15, சனி

இவர்கள் வழக்கப்படி, புத்தாண்டுக்கு முன் அடுப்படிச் சாமியை வானத்துக்கு அனுப்பியாயிற்று. இனி பூஜை மாடம் சுத்தம் செய்யலாமாம். மாமனார் படத்துக்கு முன்னால் இருக்கும் பத்திக் கிண்ணத்தில் ஒரு வருஷச் சாம்பலும் மணலும். மற்ற நாளில் அந்தக் கிண்ணத்தை யாரும் அசைக்கக்கூடாது. ஆள் அதில்தான் குடியிருக்கிறார் என்பது அத்தையின் நம்பிக்கை. இன்று மேலாக அள்ளிச் சிவப்புத் தாளில் கட்டி என் கையில் கொடுத்தார்.

"ஆத்துல போடு. பாத்துப் போடு. தூக்கி வீசாத."

ஆற்றங்கரை வரை போனேன். சத்தியமாகப் போனேன். பிரித்துப் பார்த்திருக்கக்கூடாது. சாம்பல் நிறம், பொடிப்பொடியாய், ஒரே அளவு. இத்தனை நாள் ஊரெல்லாம் தேடியது மாமனார் காலடியில்!

வீட்டுக்கு வந்ததும் "போட்டாச்சு அத்தை" என்றேன். எவ்வளவு சரளமாக வருகிறது பொய்.

ஜனவரி 16, ஞாயிறு

கொசுவலைத் துணியில் சலித்தேன். தூள் போனது, மணி நின்றது. டீஸ்பூனால் தூவி, வர்ணத் தூரிகையால் கட்டைகளுக்கு நடுவே ஒதுக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, நீர்த்த பசையை மசி நிரப்பியால் சொட்டுச் சொட்டாக. முதுகு ஒடிந்தது. ஆனால் என்ன அழகு! கண்ணைத் தண்டவாளத்துக்குச் சமமாக வைத்துப் பார்த்தால் நிஜ ரயில் பாதைதான். கண் கலங்கிவிட்டது. பசை நெடியாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் பசை காய்ந்ததும் ஓட்டினேன். ஸ்டேஷன் தாண்டியது, குகை தாண்டியது. வளைவில் தொபுக்கென்று கவிழ்ந்தது. மறுபடி ஓட்டினேன். அதே இடம்.

ஜனவரி 17, திங்கள்

காப்பி குடிக்கும்போது அத்தை:

"ராத்திரி அவன் கனவுல வந்தான்."

"யாரு அத்தை?"

"ஒன் மாமன். தலைக்கு மேல என்னமோ ஓடுதாம். தூக்கமே இல்லையாம்."

காப்பி புரையேறியது. கமலா முதுகில் தட்டினாள். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவனுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது?

ஞானத்திடம் மட்டும் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவனுக்கு. "அடப்பாவி, மாமனாரயே ஜல்லியாப் போட்டுட்டியா? கவுத்து வுடாம என்னடா செய்வாரு?"

ஜனவரி 18, செவ்வாய்

விமான நிலையப் பக்கம் போர் விமானங்களின் உறுமல். குகை ஆடியது, ஜல்லி அசையவில்லை. பசை நல்ல பசை. ரயில் மட்டும் வளைவில் விழுகிறது. வேகத்தைக் குறைத்தேன். எஞ்சினுக்கு எண்ணெய் போட்டேன். கடைசியில் "மாமா, மன்னிச்சுக்குங்க" என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். விழுந்தது.

அவரை முதன்முதலில் பார்த்ததே ரயிலில்தான். டிக்கெட்டை எங்கோ தொலைத்துவிட்டேன். தமிழன் என்று தெரிந்ததும் விட்டுவிடுவார் என்று பல்லை இளித்தேன். "தமிழனா? அப்ப ரெண்டு தடவ வெக்கப்படு. எறங்கு!" வழியில் பியன் ஹோவா ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். பிறகு பெண்ணும் கொடுத்தார். கடைசி வருஷங்களில் பாதையில் கண்ணிவெடி, பாதி நாள் ரயில் இல்லை. அப்போதும் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வருவார். நல்ல மனிதர். அவர் மேல் ரயில் விட்டிருக்கிறேன். நாளை கெடு முடிகிறது, பலகை பலகாரத்துக்கு.

ஜனவரி 19, புதன்

வாழையிலை வந்து இறங்கிவிட்டது. அத்தை மாடியேறி வந்தார், பின்னால் கமலா. எஞ்சினை எடுத்தேன், திரும்பக் கீழே வைத்தேன். ஓட்டி விழுவதை விடச் சொல்லிவிட்டு விழுவது மேல்.

"அத்தை, அந்தச் சாம்பல... ஆத்துல போடல. இதோ, இங்கதான்..."

கமலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எங்கப்பாவையா!"

அத்தை அசையவே இல்லை. "தெரியும். சிவப்புத் தாளு அன்னைக்கே குப்பையில கெடந்துது."

"அப்ப கனவு?"

"கனவுமில்ல, ஒண்ணுமில்ல. நீயா வாயத் தொறக்குறியான்னு பாத்தேன். நாலு நாளு! அழுத்தக்காரன்."

பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. அத்தை குனிந்து வளைவைப் பார்த்தார். கொண்டை ஊசியை உருவித் தண்டவாளத்தின் உள்பக்கம் நெம்பினார். வந்தது: பத்திக்குச்சியின் சிவப்புச் சிம்பு, பசையில் ஒட்டியிருந்தது. நான் சலித்த லட்சணம்.

"இப்ப ஓட்டு."

ஸ்டேஷன். குகை. வளைவு. விழவில்லை. இன்னொரு சுற்று. இன்னொன்று. அத்தைக்கு முந்தானை ஏது, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"பேத்து எடுத்து ஆத்துல போட்டுடறேன் அத்தை."

"வேணாம். ஆத்துல போட்டா கடலுக்குப் போவான், அங்க அவனுக்கு என்ன வேல? இங்கயே கெடக்கட்டும். ரயிலாவது வரும்."

பலகாரம் கூடத்துத் தரையில் பாய் விரித்துக் கட்டினோம். எனக்குத் தண்டனை: கட்டுகளுக்கு நார் முறுக்குவது. விரலெல்லாம் வெடிப்பு. சந்தோஷமாக முறுக்கினேன்.

ஜனவரி 21, வெள்ளி. தெத்.

விடியலிலிருந்து பட்டாசு. தெருவெல்லாம் சிவப்புத் தாள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, வருஷத்தின் முதல் ரயிலை நானே ஓட்டலாம் என்று மாடியேறினேன். உள்ளே பத்தி வாசனை. ஸ்டேஷன் பக்கத்தில், ஜல்லியில் ஒரு பத்தி குத்தி எரிந்துகொண்டிருந்தது.

அறை வாசற்படியில் அத்தை. தலையில் மாமனாரின் ரயில்வே தொப்பி, காது வரை இறங்கி. கையை நீட்டினார்.

"டிக்கெட் எங்க?"

அப்படியே மாமனார் குரல். சட்டைப்பையைத் தடவினேன், கால்சட்டைப் பையைத் தடவினேன். பல்லை இளித்தேன்.

"எறங்கு!"

இறங்கிவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே ரயில் ஓடுகிற சத்தம்.