நாலாம் நம்பர் கிரேனும் என் கொழுந்தனும்

மார்ச் 4, திங்கள்

இன்று என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இறக்கியவர் பாதுகாப்பு அதிகாரி. இறக்க வைத்தவன் என் கொழுந்தன். என் கணவரின் கூடப்பிறந்த தம்பி, இதே துறைமுகத்தில் சின்னக் கிரேன் ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகும்வரை என் கையால் சாப்பிட்டவன்.

காலையில் கப்பல் வந்து நின்றிருந்தது. கிரேனில் ஏறப் போனவளை, "கொஞ்சம் மருத்துவ அறைக்கு வாங்கம்மா" என்று கூப்பிட்டார் அதிகாரி. வருஷச் சோதனைக்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது. நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பிரஷர் நூற்றெழுபத்தெட்டுக்கு நூற்றுநாலு. மறுபடி அடித்தாள். இன்னும் ஏறியது. வருகிற கோபத்துக்கு ஏறாமல் என்ன செய்யும்?

"உங்க கொழுந்தன்தான் சொன்னார். வீட்டுல படி ஏறும்போது தலை சுத்தி உக்காந்துட்டீங்களாமே."

மதியத்துக்குள் நாலாம் நம்பரில் அவன் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்திலேயே உயரமான கிரேன். நான் பழகி, என் முதுகுக்குப் படிந்த நாற்காலி. எனக்கு இனிமேல் சாமான் கிடங்கில் கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்கிற வேலை.

விடமாட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

"அவன் உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பான்" என்கிறார் என் கணவர், தையல் மிஷினிலிருந்து தலை நிமிராமல். இவருக்கு உலகத்தில் எல்லாரும் எல்லாருடைய நல்லதுக்கும்தான் எதையும் செய்கிறார்கள். இன்று இவருக்கு என் கையால் டீ கிடையாது.

மார்ச் 9, சனி

கிடங்கில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவனைக் கவிழ்க்க ஒரு வார்த்தை போதும்.

கிரேன் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரஷர் உண்டு. யாரும் மாத்திரை சாப்பிடுவதில்லை. வருஷச் சோதனைக்குப் பத்து நாள் முன்னால் மட்டும் சாப்பிடுவோம். அதுவும் எங்களில் வயதில் மூத்த பெரியவர் ஒருவரிடம்தான் டாக்டர் சீட்டு இருக்கிறது. அதைக் காட்டி வாங்கி வந்து எல்லாரும் பிரித்துக்கொள்வோம். சோதனையன்று காலையில் நிழலான ஓரமாகப் போய், வாய் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் பாஸ். மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்துவிடுவோம். அவனும் இதே கதைதான். போன வருஷம் அவனுக்கு அட்டையிலிருந்து மாத்திரையைப் பிய்த்துக் கொடுத்ததே நான்தான்.

ஆனால் இதை வெளியே சொன்னால் மற்றவர்கள் பிழைப்பிலும் மண் விழும். அவர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? வேறு வழி பார்க்கணும்.

மார்ச் 21, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனேன். கண்டிப்பான ஆள். கழுத்தில் குளிர்ச்சியாக எதையோ தடவி ரத்தக்குழாயை ஸ்கேன் செய்தார். திரையைக் காட்டி, "சுவர் தடிச்சிருக்கு பாருங்க, இங்க கொழுப்பும் படிய ஆரம்பிச்சிருக்கு" என்றார். இதயமும் வேலை கூடிப்போய்க் கொஞ்சம் தடித்திருக்கிறதாம்.

"எனக்கு ஒரு வலியும் இல்லையே?"

"பிரஷர் வலிக்காதும்மா. உள்சுவரைத் தினம் அடிச்சு அடிச்சு விறைப்பாக்கும். அடைப்பு வர்றதுக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். வலிக்கிற அன்னைக்கு நமக்கு அவகாசம் இருக்காது."

கிரேனில் எண்ணெய் ஓடுகிற அழுத்தக் குழாய் எனக்கு ஞாபகம் வந்தது. அது உள்ளேதான் முதலில் விரிசல் விடும். வெளியே பார்த்தால் நேற்று மாட்டியது மாதிரி இருக்கும். இதை நான் சொன்னதும், இனிமேல் எல்லாரிடமும் அப்படியே சொல்கிறேன் என்றார்.

வலி என்றால் மார்பில்தான் வரும் என்று இல்லையாம். தோள், முதுகு, தாடைகூட வலிக்கலாமாம். ஏறும்போது வரும், நின்றால் போய்விடும், அப்படி வந்தால் ஓடி வந்துவிடணும் என்றார். எனக்குக் காதில் விழுந்தது ஒரே விஷயம்தான். மாத்திரையை ஒரு நாளும் விடாமல், உப்பைக் குறைத்து, தினம் நடந்து, ஆறு மாதம் பிரஷர் அடங்கி இருந்தால் கிரேன் ஏறக் கையெழுத்துப் போடுவாராம்.

போதும். நான் தேறி வந்து, அவன் அந்த நாற்காலியில் இருக்கும்போதே "எழுந்திரு" என்று சொல்லணும். அதற்காக எந்தக் கண்றாவியையும் முழுங்கத் தயார்.

ஏப்ரல் 3, புதன்

முதலில் கொடுத்த மாத்திரைக்கு வறட்டு இருமல். மாற்றிக் கொடுத்தார், கணுக்கால் வீங்குகிறது. உப்பில்லாத சாப்பாடு நாக்கில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. என் கணவரும் அதையே சாப்பிட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன்.

காலையில் கடற்சுவர் ஓரமாக நடக்கிறேன். ஒவ்வொரு அடியும் கொழுந்தன் தலைமேல் வைப்பதாக நினைத்துக்கொள்கிறேன். களைப்பே தெரிவதில்லை.

ஏப்ரல் 17, புதன்

சாயங்காலம் ஓரகத்தி வந்தாள். பாவம், இந்தச் சண்டையில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை. கொழுந்தன் பல்லைப் பிடுங்கிக்கொண்டானாம்.

"பல்லுல ஒண்ணுமில்லன்னு பல் டாக்டர் சொல்லியும் கேக்கலக்கா. புடுங்கியே ஆகணும்னு நின்னாராம். இப்ப பல்லும் போச்சு, தாடை வலியும் போகல. ஏணி ஏறினா வருதாம்."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். "நின்னா போயிடுதா?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மாதான் கேட்டேன்."

அவள் போனபிறகு சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். நல்ல பல்லைக் காசு கொடுத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான், மடையன்.

ஏப்ரல் 18, வியாழன்

சொல்லவில்லை. நன்றாக வலிக்கட்டும்.

ஏப்ரல் 22, திங்கள்

கிடங்கு ஜன்னலிலிருந்து நாலாம் நம்பர் நன்றாகத் தெரியும். பாதி உயரம்வரை லிஃப்ட், அதற்குமேல் ஏணி. ஏணி நடுவில் ஒரு இரும்புத் தட்டு இருக்கிறது. அங்கே நிற்கிறான். ஒரு கை கம்பியில், ஒரு கை தாடையில். போன வாரம் கொஞ்சம் நின்றுவிட்டுச் சட்டென்று ஏறிவிட்டான். இன்று நின்றுகொண்டே இருந்தான். நானும் கையுறைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். சினிமா தோற்றது.

அடுத்த மாதம் அவனைத் தலைமை ஓட்டுநராக ஆக்கப்போகிறார்களாம். வயிறு பற்றி எரிகிறது.

ஏப்ரல் 25, வியாழன்

செத்துப்போனால்?

போகட்டுமே — எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப் போவதில்லை. இது என் டைரி, இதிலும் நடிக்கணுமா?

ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கு என்ன லாபம்? செத்தால் அவன் நல்லவனாகிவிடுவான். "எவ்ளோ தங்கமான மனுஷன், அண்ணி உடம்பு மேலகூட எவ்ளோ அக்கறை" என்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தணும். வேலையைப் பறித்தவனுக்கு நான் அழணுமா? அதுதான் நடக்காது. செத்தவனை யாரும் பழிவாங்க முடியாது. அவன் இருக்கணும். இருந்து, இந்தக் கிடங்கு ஜன்னலில் உட்கார்ந்து, நான் மேலே போவதைப் பார்த்துப் பார்த்து வேகணும்.

ஓரகத்தி முகம் வேறு நடுவில் வந்து வந்து போகிறது. அதற்காக இல்லை. அதற்காக இல்லவே இல்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

காலையில் முதல் வேலையாக அதிகாரி அறைக்குப் போனேன்.

"ஏணி நடுவுல தாடையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான் சார். மேல போய் மயங்கினா தூக்கின சரக்குப் பெட்டி யார் தலையில விழும்? இன்னைக்கே ஈசிஜி எடுங்க."

"உங்க கொழுந்தனாச்சேம்மா."

"அதனாலதான் சொல்றேன்."

பதினொரு மணிக்குள் இறக்கிவிட்டார்கள். என் ஜன்னலைக் கடந்துதான் கூட்டிப் போனார்கள். முகத்தில் ஈயாடவில்லை. நான் பார்வையை நகர்த்தவே இல்லை. மத்தியானம் அந்த உப்பில்லாச் சோறுகூட ருசித்தது.

ஏப்ரல் 27, சனி

அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. மருத்துவ அறையிலிருந்து நேராக ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் ஒன்றில் நூல் அளவுக்குத்தான் வழி இருந்ததாம். இன்னும் இரண்டிலும் அடைப்பு. நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்யணும் என்றுவிட்டார்கள். "இன்னும் ஒரு வாரம் அந்த ஏணில ஏறியிருந்தா ஏணிலயே போயிருப்பார்" என்று டாக்டர் சொன்னாராம்.

ஆஸ்பத்திரி நடையில் ஓரகத்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "யாரோ ஆபீஸ்ல சொல்லியிருக்காங்கக்கா. யார் பெத்த புள்ளையோ, நூறு வயசு இருக்கணும்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவனுக்குக் குழி வெட்டினால் அதற்கு எனக்கு ஆசீர்வாதம் கிடைக்கிறது. இப்படியும் ஒரு பழிவாங்கல் உண்டா? சீ.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணவர் கேட்டார், "நீதான?"

"ஆமா. அவன் வேலையக் கெடுக்கத்தான் சொன்னேன். 'நல்லதுக்குத்தான்'னு ஒரு வார்த்தை வந்துச்சு, இங்கயே எறங்கி நடந்துடுவேன்."

அவர் வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எடுக்கலாம் என்றிருந்தது, எடுக்கவில்லை.

மே 12, ஞாயிறு

அறுவை முடிந்து கொழுந்தன் வீட்டுக்கு வந்துவிட்டான், பார்க்கப் போனோம். கட்டிலில் சாய்ந்து, இருமினால் தையல் வலிக்கும் என்று நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டிருந்தான். பாதி ஆளாகிவிட்டான். மற்றவர்கள் கூடத்துக்குப் போனதும் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணி, நீங்கதான் சொன்னீங்களா?"

"நான்தான். உன்னக் காப்பாத்தணும்னு இல்ல. எறக்கணும்னு."

"தெரியும்." கொஞ்ச நேரம் தலையணையைத் தடவிக்கொண்டிருந்தான். "நானும் உங்க உடம்பப் பாத்து சொல்லல அண்ணி. நாலாம் நம்பர் வேணும்னு ஆசை."

இரண்டு மாதமாக ஊரே 'உன் நல்லதுக்கு, உன் நல்லதுக்கு' என்று என் காதைப் புண்ணாக்கியது. உண்மையைச் சொன்னவன் இவன் ஒருத்தன். எனக்கு எங்கிருந்து வந்ததோ, சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். "சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று தலையணையை அழுத்திக்கொண்டான்.

மன்னிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

கிளம்பும்போது பார்த்தால் மேஜையில் காலை மாத்திரை அப்படியே கிடக்கிறது. "ஒரு வேளை விட்டா என்ன அண்ணி, இப்பதான் எல்லாம் சரி பண்ணிட்டாங்களே" என்கிறான்.

"நெஞ்சப் பொளந்து தெச்சும் உனக்குப் புத்தி வரலையா? செத்துக்கித்துத் தொலைச்சிடாத. நான் மேல ஏறறத நீ பாக்கணும். முழுங்கு."

முழுங்கினான். நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மே 13, திங்கள்

போன் செய்தேன். "போட்டியா?" "போட்டேன்." வைத்துவிட்டேன். இனிமேல் தினம் செய்யப்போகிறேன். அவனை நம்ப முடியாது.

ஜூலை 2, செவ்வாய்

சோதனை வருகிறது. இந்த வருஷம் பெரியவர் தன் சீட்டை யாருக்கும் தரவில்லை. "போய் உங்க கைய நீங்களே காட்டுங்கடா" என்று விரட்டிவிட்டாராம். மூன்று பேர் டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார்கள். அழுத்தக் குழாய்க் கதையை அவர்களுக்கும் சொன்னாராம்.

செப்டம்பர் 23, திங்கள்

டாக்டரம்மாவின் கையெழுத்துக் கிடைத்துவிட்டது. நூற்றிருபத்தாறுக்கு எழுபத்தெட்டு. "தடிச்சது தடிச்சதுதான், ஆனா மேல கூடல. விட்டுடாதீங்க" என்றார்.

நாலாம் நம்பரில் ஏறினேன். "எழுந்திரு" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அவனுக்கு இனிமேல் ஏணி கிடையாது, கிடங்கு வேலைதான். ஜன்னலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆசைப்பட்ட மாதிரியேதான் எல்லாம் நடந்தது. இனித்தது, பொய் சொல்லமாட்டேன். மத்தியானம்வரை இனித்தது. அப்புறம் வேலை இருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

காலையில் இரண்டு கப்பல். ஒரே ஓட்டம். லிஃப்டில் கால் வைக்கும்போது போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, மாத்திரை போட்டாச்சா?"

என்ன திமிர். யாரை யார் கேட்பது?

"போட்டாச்சு, வை" என்று வைத்துவிட்டு, பையைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன்.